தேயிலை மலையிலிருந்து பாராளுமன்றத்திற்கு

பதுளையிலிருந்து பசறைப் பாதையிற் செல்லும்போதெல்லாம், பனி விலகுமுன்னே கொழுந்துக் கூடையுடன் மலையேறும் பெண்களை நான் காண்பதுண்டு. இம்மண்ணைப் பொன்விளையச் செய்த கைகளுக்கு, இந்நாட்டின் சட்டத்தை ஆக்குவதிற் பங்கு உண்டா என்ற வினா அப்பொழுதெல்லாம் என் நெஞ்சில் எழும்.

அவ்வினாவுடன் பின்னிப் பிணைந்தது சௌமியமூர்த்தி தொண்டமானின் வாழ்க்கை. அவர் 1913இல் தமிழகத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் கருப்பையா, கூலியாக இலங்கைக்கு வந்து, கங்காணியாகி, இறம்பொடையருகே வெவண்டன் தோட்டத்திற்கே உடையவரானார். மகனும் தேயிலை பயிரிட்டவரே. தோட்டமுடையவர் தொழிலாளர்க்குத் தலைவராவதா என்று ஐயுற்றோர் உண்டு. அந்த ஐயம் முற்றும் நியாயமற்றதுமன்று. ஆயினும் அவர் தம் வாழ்நாளைத் தொழிற்சங்கத்திற்கே அளித்தார்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல இடங்களை வென்றது. நுவரெலியா தொண்டமானையும், எங்கள் பதுளை எஸ். எம். சுப்பையாவையும் அனுப்பின. அம்மகிழ்ச்சி நீடித்ததா? 1948இல் வந்த சட்டம் குடியுரிமையை மறுத்தது. 1949இல் வந்த சட்டம் வாக்கைப் பறித்தது. 1952இல் காங்கிரஸ் சார்பில் ஒருவரேனும் பாராளுமன்றம் புகவில்லை.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அந்த எண்களுள் ஒன்று என் பள்ளித் தோழன். எழுபதுகளில் ஒருநாள், மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்த புகையிரதம் பதுளை நிலையத்திற் புறப்பட்டது. தன் தமிழ்ப் பாடநூலை என் கையில் திணித்துவிட்டு அவன் ஏறினான். அந்நூல் இன்றும் என்னிடமுளது. அவனை மீண்டும் கண்டிலேன்.

1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகவே அமர்ந்த தொண்டமான், 1977இல்தான் மக்கள் வாக்கால் மீண்டும் சபை புகுந்தார். மறு ஆண்டு அமைச்சரானார். இடையிற் கழிந்தவை முப்பது ஆண்டுகள்! எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது, அதனைக் காண அவர் இல்லை, 1999இல் மறைந்துவிட்டார்.

2024ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளை மாவட்டம், மலையகத் தமிழ்ப் பெண்ணான அம்பிகா சாமுவேலைப் பாராளுமன்றத்திற்குத் தெரிவு செய்தது. அச்செய்தி கேட்ட இரவில், தோழனின் பாடநூலை எடுத்துப் புரட்டினேன். வாக்கு என்பது வெறுங் காகிதமன்று. ஊரைவிட்டுப் போகவேண்டாம் என்று ஒரு சிறுவனுக்குச் சொல்லக்கூடிய உறுதிமொழி. மாணவர்களே, அதனை எளிதாக எண்ணற்க.