செம்புள்ளி யாவும் டெங்கு அன்று

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாடசாலைகளிற் காய்ச்சலும் செம்புள்ளியுமாக ஒரு பிள்ளை காணப்படின், ஆசிரியர் வாயில் முதலில் எழுவது டெங்கு என்னும் சொல்லே. 2017ஆம் ஆண்டு கிண்ணியாவை வாட்டிய காய்ச்சலை நினைவிற் கொண்டோர்க்கு அஃது இயல்பு. யானும் அவ்வாறே ஐயுறுவேன். பிள்ளையை உடனே வைத்தியசாலைக்கு அனுப்புவதே முறை. ஆயினும், குருதிக்கலன் அழற்சியும் இக்கோலத்தில் வருவதுண்டு.

இப்பெயர் ஒரு நோயைக் குறிப்பதன்று. ஓர் இனத்தைக் குறிப்பது. அமெரிக்காவின் சப்பல் ஹில் மாநாட்டறிஞர் 1994இல் வகுத்து 2012இல் திருத்திய முறைப்படி, தாக்குண்ட கலனின் பருமையே பகுப்புக்கு அடிப்படை.

பெருங்கலன் நோய்களுள் ஒன்று, யப்பானியக் கண் மருத்துவர் தக்கயாசு 1908இல் அறிவித்தமையால் அவர் பெயர் பெற்றது. பெரும்பாலும் இளம் பெண்களைப் பற்றும். இரு கைகளிலும் குருதியமுக்கம் வேறுபடும். மணிக்கட்டில் துடிப்பு மெலியும், மறையவுங்கூடும். நாடி பார்த்து நோய் கூறும் நம் மரபிலே, நாடியே அகப்படாத நோய் இது! மற்றொன்று ஐம்பதைக் கடந்தோர்க்குரியது. நெற்றிப்பொட்டிற் புதிய வலியும், மெல்லும்போது தாடைநோவும் தோன்றின் ஒரு நாளேனும் தாழ்த்தலாகாது, பார்வை பறிபோகும்.

இடைக்கலன் நோய்களுட் குழந்தைகளுக்குரியது, 1967இல் கவசாகி என்னும் மருத்துவர் விளக்கியது. ஐந்து நாள் விடாத காய்ச்சல், பீளையின்றிச் சிவந்த கண், வெடித்த உதடு, சிவந்த நா, பின்னர் விரல்நுனியில் தோலுரிதல் என்பன அடையாளங்கள். இதயத்தின் முடியுருநாடி புடைத்தலே பேரிடர். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றின் அவ்விடர் பெரிதுங் குறையும்.

சிறுகலன் நோய்களுட் சிறுவரிடம் மிகுதியாகக் காண்பது ஐ.ஜி.ஏ. வகை. காலிலும் பிட்டத்திலும் எழும் புள்ளிகள் தடவினால் மேடாகத் தோன்றும், அழுத்தினும் மறையா. மூட்டுநோவும் வயிற்றுநோவும் உடன்வரும். புள்ளி மறைந்த பின்னரும் சிறுநீரகம் தாக்குறலாம். ஆதலாற் சிறுநீரைச் சில மாதங்கள் சோதிப்பர். டெங்குவிற் குருதிச் சிறுதட்டுகள் குறையும், இதிற் குறைவதில்லை. எனவே, விரல் ஐயத்தை எழுப்பலாம். துணிவது குருதிச் சோதனையே.

அரமும் அறமும் செவிக்கு நெருங்கியவை, பொருளால் விலகியவை என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். நோய்க்கும் அவ்வேறுபாடு உண்டு. காய்ச்சல் தொடங்கிய நாள், புள்ளி எழுந்த இடம், உடனிருந்த நோவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளையுடன் அனுப்புங்கள். மருத்துவர்க்கு அத்தாள் பெரிதும் உதவும்.