விரிதாளில் காலத்தரவு: நாளையும் நேரத்தையும் வரைபடமாக்கும் முறை (பதிப்பு வரலாற்றுத் தரவுகளை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வில் காலவரிசைப்படுத்தப்பட்ட தரவுகள் பெருகிவருகின்றன. பதிப்பாண்டுகள், இதழ் வெளியீட்டு நாள்கள், நாட்குறிப்புப் பதிவுகள், கள ஆய்வு ஒலிப்பதிவுகளின் கால அளவுகள் ஆகியவை விரிதாளில் தொகுக்கப்பட்டு வரைபடங்களாக ஆய்வேடுகளில் இடம்பெறுகின்றன. விரிதாள் மென்பொருள் காலத்தை எண்ணாகவே கையாளுகிறது. இவ்வடிப்படையை அறியாது வரையப்படும் வரைபடம், தரவு சரியாக இருப்பினும் பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். உ.வே.சாமிநாதையரின் பதிப்புகள் ஒன்பதனைச் சான்றாகக் கொண்டு, நாளும் நேரமும் விரிதாளில் பதிவாகும் முறை, அவற்றுக்கேற்ற வரைபட வகை, 1900க்கு முற்பட்ட நாள்களைக் கையாளும் வழி ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விரிதாள், நாள் மதிப்பு, நேர மதிப்பு, சிதறல் வரைபடம், பதிப்பு வரலாறு, கால முறை.

முன்னுரை

வரைபடம் ஆய்வேட்டின் அணிகலன் அன்று. அது ஒரு வாதம். இரு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட தொலைவைக் காட்டும்போதே, அவற்றிடையே எவ்வளவு காலம் கழிந்தது என்னும் கூற்றையும் அது முன்வைக்கிறது. எனவே அத்தொலைவு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை ஆய்வாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. பல்கலைக்கழகங்களில் பெரிதும் பயன்பாட்டிலுள்ள எக்செல், கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க் ஆகிய இரண்டையும் மனத்திற்கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

நாள் என்பது ஓர் எண்

விரிதாளின் நுண்ணறையில் 15 ஆகஸ்ட் 1947 என்று உள்ளிட்டால், மென்பொருள் அதனை 17394 என்னும் எண்ணாகச் சேமிக்கிறது. 1 ஜனவரி 1900 என்பதனை 1 எனக் கொண்டு தொடர்ந்து எண்ணிவரும் எக்செல் கணக்கில் அந்நாளின் வரிசை எண் அது. திரையில் தெரியும் நாள், மாதம், ஆண்டு ஆகியன அவ்வெண்ணுக்கு இடப்பட்ட வடிவூட்டமே. வடிவூட்டத்தைப் பொது எண் என மாற்றினால் 17394 வெளிப்படும்.

இக்கணக்கில் ஒரு மரபுப்பிழை உண்டு. 1900 நெட்டாண்டு அன்று. எனினும் எக்செல் 60 என்னும் எண்ணுக்கு, இல்லாத நாளான 29 பிப்ரவரி 1900ஐக் காட்டுகிறது. முன்னோடி விரிதாளான லோட்டஸ் 1-2-3 இல் இருந்த பிழை, கோப்புகளின் ஒத்திசைவு கருதி அப்படியே பின்பற்றப்பட்டது. கால்க் மென்பொருள் 30 டிசம்பர் 1899ஐச் சுழியமாகக் கொள்வதால், 1 மார்ச் 1900 முதல் இரண்டின் எண்களும் ஒன்றுபடுகின்றன. மேலும், மெக்கின்டோஷ் கணினிகளில் உருவான பழைய எக்செல் கோப்புகள் 1904ஐத் தொடக்கமாகக் கொண்டவை. அவற்றிலிருந்து தரவு வேறொரு கோப்பிற்குப் படியெடுக்கப்படும்போது நாள்கள் 1462 நாள்கள், அதாவது நான்காண்டுகளும் ஒரு நாளும், இடம்பெயரக்கூடும். பல கோப்புகளை ஒன்றிணைப்போர் தெரிந்த நாளொன்றைக்கொண்டு இதனைச் சரிபார்த்தல் நன்று.

ஆண்டை மட்டும் உள்ளிடுவதால் நேரும் பிழையும் இங்கிருந்தே தோன்றுகிறது. நாள் வடிவூட்டம் பெற்ற நுண்ணறையில் 1887 என்று உள்ளிட்டால், அது 1887ஆம் ஆண்டு எனக் கொள்ளப்படாது. 1887ஆவது நாளாகிய 1 மார்ச் 1905 எனக் கொள்ளப்படும். அவ்வாறே 1937 என்பது 20 ஏப்ரல் 1905 ஆகும். ஐம்பதாண்டுக்கால வரலாறு ஐம்பது நாள்களாகச் சுருங்கிவிடும். ஆண்டு மட்டுமே தெரிந்த தரவினை எண் வடிவூட்டத்தில் வைத்தலே முறை.

தரவில்லா நாளாக்கம்

நாள் அல்லாதவற்றையும் மென்பொருள் நாளாக்கிவிடும். பாடல் எண்ணையும் அடி எண்ணையும் குறிக்க 10-5 என உள்ளிட்டால், கணினியின் வட்டார அமைப்புக்கேற்ப அது மே மாதத்திலோ அக்டோபர் மாதத்திலோ ஒரு நாளாக மாறும். உயிரியலில் செப்ட்1, மார்ச்1 போன்ற மரபணுக் குறியீடுகள் இவ்வாறு நாள்களாக மாறிவந்தமையால், மரபணுப் பெயரிடல் குழு 2020இல் அத்தகைய பெயர்களையே மாற்றியமைக்க நேர்ந்தது. சுட்டெண்களைப் பதியவிருக்கும் நெடுவரிசைக்கு உள்ளீட்டுக்கு முன்பே உரை வடிவூட்டம் அளித்துவிட்டால் இத்தொல்லை எழாது. பின்னர் அளிக்கும் வடிவூட்டம், மாறிப்போன மதிப்பை மீட்டுத் தராது.

இரண்டிலக்க ஆண்டும் தவிர்க்கத்தக்கது. 18 என்று எழுதப்பட்ட ஆண்டு 2018 ஆகும். 37 என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்து 1937 ஆகவோ 2037 ஆகவோ கொள்ளப்படும். ஐஎஸ்ஓ 8601 தரம் வகுத்துள்ளவாறு நான்கிலக்க ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில், இடையே சிறுகோடிட்டு எழுதுவது மயக்கத்திற்கு இடமளிக்காது.

அச்சு வகையும் காலத் தொலைவும்

சாமிநாதையர் பதிப்பித்த சங்க நூல்கள், காப்பியங்கள் ஆகியவற்றுள் ஒன்பதன் முதற்பதிப்பு ஆண்டுகள் வருமாறு: சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, குறுந்தொகை 1937.

இவ்வாண்டுகளைக் கோட்டு வரைபடத்தின் கிடையச்சில் இட்டால், மென்பொருள் அவற்றைப் பெயர்களைப்போல வகைகளாகக் கொண்டு சம தொலைவில் நிறுத்தும். இதுவே வகை அச்சு. ஒன்பது புள்ளிகளுக்கிடையே எட்டு இடைவெளிகள். எட்டும் ஒரே அளவின. ஐங்குறுநூற்றுக்கும் பதிற்றுப்பத்துக்கும் இடைப்பட்ட ஓராண்டும், பரிபாடலுக்கும் குறுந்தொகைக்கும் இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளும் ஒன்றுபோலவே தோன்றும். இறுதி இரண்டு இடைவெளிகள் சேர்ந்து 33 ஆண்டுகள். மொத்தக் காலமான ஐம்பதாண்டுகளில் இது 66 விழுக்காடு. வகை அச்சிலோ அவை எட்டில் இரண்டு, அதாவது 25 விழுக்காட்டு இடத்தையே பெறுகின்றன. பதிப்புப்பணி சீராக நடைபெற்றது என்னும் கருத்தை இவ்வரைபடம் தோற்றுவிக்கும். தரவு அதனைச் சொல்லவில்லை.

சிதறல் வரைபடம் கிடையச்சையும் எண்ணச்சாகவே கொள்கிறது. எனவே ஆண்டை எண்ணாக வைத்து, அச்சின் சிறுமத்தை 1880 எனவும் பெருமத்தை 1940 எனவும் இடைவெளியைப் பத்து எனவும் அமைத்தால் உண்மையான தொலைவுகள் வெளிப்படும். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. 1904க்கும் 1918க்கும் இடையிலும், 1918க்கும் 1937க்கும் இடையிலும் தெரியும் வெற்றிடம் பதிப்பாசிரியரின் ஓய்வைக் காட்டுவதன்று. பெருங்கதை 1924இல் வெளிவந்தது. அது மேற்கண்ட பட்டியலின் வரையறைக்குள் வரவில்லை, அவ்வளவே. வெற்றிடம் தெரிவு வரையறையின் விளைவா, வரலாற்றின் விளைவா என்பதை வரைபடத்தின் அடிக்குறிப்பு தெளிவாக்க வேண்டும். வகை அச்சில் இவ்வினா எழுவதற்கே இடமில்லாமற் போகிறது.

நாள் அளவிலான தரவுக்கு எக்செல்லின் கோட்டு வரைபடத்தில் நாள் அச்சு என்னும் தெரிவும் உண்டு. அது தரவில்லாத நாள்களுக்கும் இடம் ஒதுக்கும். ஆனால் அதன் மிகச்சிறிய அலகு ஒரு நாளே. ஒரே நாளின் வெவ்வேறு நேரங்கள் அதில் ஒரே செங்குத்துக் கோட்டில் விழும். அவற்றுக்குச் சிதறல் வரைபடமே பொருந்தும்.

1900க்கு முற்பட்ட நாள்கள்

மேற்கண்ட ஒன்பதில் ஐந்து நூல்கள் 1900க்கு முற்பட்டவை. அக்காலத்து நாள்களை எக்செல் நாளாக ஏற்பதில்லை. அவற்றை உரையாகவே வைத்துக்கொள்கிறது. இதனால் இரு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, ஏறுவரிசையில் எண்கள் முன்னும் உரைகள் பின்னும் அடுக்கப்படுவதால், இருபதாம் நூற்றாண்டு நாள்களுக்குப் பின்னே பத்தொன்பதாம் நூற்றாண்டு நாள்கள் நிற்கும். இரண்டாவது, சிதறல் வரைபடத்தின் கிடையச்சுத் தரவில் உரை கலந்திருப்பின், எக்செல் அந்நெடுவரிசையின் மதிப்புகளைக் கைவிட்டு 1, 2, 3 என வரிசையெண் இட்டுக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. கால்க் முற்பட்ட நாள்களையும் எதிர்ம எண்களாகக் கையாளும். எனினும் அக்கோப்பை எக்செல்லில் திறந்தால் அந்நுண்ணறைகளில் நாள் தெரியாது.

இதற்கு எளிய தீர்வு பதின்ம ஆண்டு. ஆண்டில் அந்நாள் எத்தனையாவது நாள் என்பதிலிருந்து ஒன்றைக் கழித்து, 365ஆல் (நெட்டாண்டாயின் 366ஆல்) வகுத்து, ஆண்டெண்ணுடன் கூட்டவேண்டும். 21 செப்டம்பர் 1746 அவ்வாண்டின் 264ஆவது நாள். அதன் பதின்ம வடிவம் 1746.72. இவ்வெண் எந்த விரிதாளிலும் ஒன்றுபோலவே செயற்படும்.

எடுத்துக்கொண்ட இந்நாள் மற்றொரு சிக்கலையும் உணர்த்துகிறது. பிரெஞ்சுப் படையிடம் சென்னை வீழ்ந்த நாள் ஆங்கிலேயர் ஆவணங்களில் 10 செப்டம்பர் 1746 எனவும், பிரெஞ்சு ஆவணங்களில் 21 செப்டம்பர் 1746 எனவும் காணப்படும். இரண்டும் ஒரே நாளே. ஆங்கிலேயர் 1752 வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். பிரெஞ்சுக்காரர் 1582இலேயே கிரிகோரியனுக்கு மாறிவிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இவற்றுக்கிடையே பதினொரு நாள் வேறுபாடு. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைச் சென்னை ஆவணங்களுடன் ஒப்பிட்டு வரைபடமாக்குவோர், கால முறையை ஒன்றாக்காவிடின், ஒரு நிகழ்வை இரண்டாகக் காண்பர். செய்தி பரவிய விரைவையும் தவறாகக் கணிப்பர். ஜூலியன் நாளெண் என்னும் தொடர் எண்ணுக்கு மாற்றுவது உறுதியான வழி. மேற்கண்ட இரு குறிப்புகளும் அதில் 2359037 என்னும் ஒரே எண்ணைப் பெறுகின்றன.

தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் கிடைக்கும்போது மயக்கம் மிகுதி. சர்வசித்து என்பது 1887-88ஐயும் குறிக்கும். அறுபதாண்டுச் சுழற்சியில் 1947-48ஐயும் குறிக்கும். அகச்சான்று கொண்டு சுழற்சியை உறுதிசெய்த பின்னும், அது ஏப்ரல் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரல் நடுவில் முடியும் காலப்பரப்பே ஆகும். அதனை ஜனவரி முதல் நாளெனப் பதிந்தால் இல்லாத துல்லியம் தரவில் புகும். மாதவாரியான வரைபடத்தில் ஜனவரி மட்டும் பொய்யாக உயர்ந்து நிற்கும். இத்தகைய தரவைப் புள்ளியாக அன்றித் தொடக்கமும் நீளமும் கொண்ட பட்டையாக வரைதல் பொருத்தமானது. அடுக்குப் பட்டை வரைபடத்தில் முதல் அடுக்காகத் தொடக்கத்தை இட்டு நிறம் நீக்கி, இரண்டாம் அடுக்காகக் கால நீளத்தை இட்டால் இது கிட்டும்.

நேர மதிப்புகள்

ஒரு நாள் 1 எனில், நேரம் அதன் பின்னம். நண்பகல் 0.5, காலை 6 மணி 0.25, ஒரு மணி நேரம் 24இல் ஒரு பங்கு. மென்பொருள் தானாக அமைக்கும் அச்சு 0.1 என்னும் இடைவெளியைக் கொண்டால், 2:24, 4:48 எனப் பயனற்ற நேரங்கள் அச்சில் தோன்றும். இடைவெளியை 0.125 என அமைத்தால் மூன்று மணிக்கு ஒரு குறி அமையும்.

இரவு முழுதும் நிகழும் தெருக்கூத்துப் போன்ற நிகழ்த்துகலைகளைப் பதிவுசெய்வோர் நள்ளிரவைக் கவனித்தல் வேண்டும். இரவு 10 மணி 0.9167, விடியற்காலை 5:30 மணி 0.2292. நேரத்தை மட்டும் வைத்து வரைந்தால் முடிவு தொடக்கத்திற்கு முன்னே விழும். கழித்தால் எதிர்ம விடை வரும். நள்ளிரவுக்குப் பிற்பட்ட நேரத்துடன் ஒன்றைக் கூட்டி 1.2292 எனக் கொண்டால் கால அளவு ஏழரை மணி நேரமெனச் சரியாகக் கிடைக்கும். அச்சின் சிறுமத்தை 0.75 எனவும் பெருமத்தை 1.25 எனவும் அமைத்தால், மாலை 6 முதல் காலை 6 வரையிலான இரவு ஒரே தொடர்ச்சியாகக் காட்சியளிக்கும்.

கால அளவும் கடிகார நேரமும் வெவ்வேறானவை. ஒன்றரை மணி நேர ஒலிப்பதிவுகள் இருபதைக் கூட்டினால் 30 மணி நேரம். கடிகார வடிவூட்டமோ 6:00 என்றே காட்டும். மணிக்குரிய குறியைச் சதுர அடைப்புக்குள் இடும் வடிவூட்டமே மொத்த மணியைக் காட்டும். 45 நிமிடம் 30 நொடியைக் குறிக்க 45:30 என உள்ளிட்டால் அது 45 மணி 30 நிமிடமாகும்; முன்னே சுழியம் சேர்த்து 0:45:30 என உள்ளிடுதல் வேண்டும்.

முடிவுரை

காலத்தரவுக்கு நான்கு நெடுவரிசைகள் தேவை: மூலத்தில் உள்ளவாறே எழுதப்பட்ட குறிப்பு, அதன் கால முறை, கணக்கிடத்தக்க எண் வடிவம், ஆண்டு, மாதம், நாள் என்னும் துல்லிய நிலை. முதல் நெடுவரிசை உரையாக இருந்து மூலத்தைக் காக்கும். மூன்றாவது வரைபடத்திற்குப் பயன்படும். மற்ற இரண்டும் அவ்வரைபடத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பிற ஆய்வாளர்க்கு உணர்த்தும். வரைந்து முடித்ததும், தெரிந்த இரு நிகழ்வுகளின் இடைவெளியை அச்சில் அளந்து பார்த்தல் எளிய சோதனை. ஓராண்டும் பத்தொன்பது ஆண்டுகளும் ஒரே நீளமாகத் தோன்றுமாயின், மாற்றவேண்டியது அச்சு. முடிவுரை எழுதுவது அதற்குப் பின்னரே.