சம்பளம் பேசினோம், கூரையைப் பேசினோமா?

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு உயர்ந்ததிலிருந்து தோட்டப்புறங்களில் ஒரு பேச்சு வலுத்து வருகிறது: சம்பளத்தைச் சட்டமே ஏற்றித் தருகிறதே, இனிச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவானேன்? ரந்தாவ், லின்சம், சிலியாவ் என்று ஒரு காலத்தில் பால்மரமும் பெரட்டுமாக இருந்த வட்டாரத்தில் இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. போருக்குப் பின் தோட்டத் தொழிலாளர் சங்கம் வேர்பிடித்த மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. இங்கே சங்கம் ஜெயித்தது என்று ஒருவர் சான்று காட்டலாம்; தோற்றது என்று இன்னொருவரும் காட்டலாம். சம்பளத்தில் அது ஜெயித்தது, நிர்வாகங்களுக்கும் நன்மை செய்தது என்பதே என் கணிப்பு. ஆனால் தொழிலாளி குடியிருந்த வீடு கடைசிவரை நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. ஜெயித்ததில் பெரும்பகுதி, தோட்டம் கைமாறிய நாளில் கரைந்துபோனதற்கு அதுவே காரணம்.

வீட்டைப் பற்றிய கவலை புதிதல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார்த்தால் தெரியும். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகியவற்றோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்து போக வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. மாமன் மச்சான் வீட்டுக்கு வருவதற்கே நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருந்த இடத்தில், தொழிலாளி தன் லயத்து வீட்டை எப்படித் தன்னுடையது என்று நினைத்திருப்பான்? வேலைநிறுத்தம் படை கொண்டு அடக்கப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார். 1948இன் அவசரகாலம் தீவிரமான சங்கங்களைத் துடைத்தெறிந்தது. அதன் பிறகு மிஞ்சிய சங்கங்கள் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றிணைந்தபோது, பேச்சுவார்த்தையின் நடுவே வந்து உட்கார்ந்தது நாள்கூலி. வீடு ஓரத்துக்குப் போனது.

நாள்கூலியைப் பேசியது சிறிய சாதனை அல்ல. நாட்டின் மிகப் பெரிய சங்கமாக வளர்ந்து, முதலாளிகளின் கூட்டமைப்போடு தொழில்துறை முழுவதுக்கும் ஒரே ஒப்பந்தம் போட அதனால் முடிந்தது. 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டப்படி, தொழிலியல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம் சந்தா கட்டாத தொழிலாளிக்கும் பொருந்தும். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கும்போது சங்கம் எதற்கு என்பவர்களுக்கு இங்கேயே பதில் உண்டு. சட்டம் அடித்தளத்தை மட்டுமே போடுகிறது. செம்பனைக் குலைக்கு டன்னுக்கு எவ்வளவு, கனியாத குலையை வெட்டினால் என்ன பிடித்தம், மழை நாளில் வேலை இல்லாவிட்டால் கூலி உண்டா, உதிரிப்பழம் பொறுக்கும் மனைவியின் உழைப்பு யார் கணக்கில் எழுதப்படும் என்பதையெல்லாம் அது பேசுவதில்லை. ஒரு குடும்பத்தின் மாத வரவை ஏற்றுவதும் இறக்குவதும் இந்தச் சில்லறைக் கணக்குகள்தான். தனியாளாக அவற்றைக் கிராணியிடம் கேட்கப் போகிறவன் மறுநாள் எந்தக் காட்டுக்கு அனுப்பப்படுவான் என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

நிர்வாகங்கள் சங்கத்தைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டு ஒப்பந்தம் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு நிற்கும் என்பதால், அந்தக் காலத்துக்கான சம்பளச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே விகிதம் என்னும்போது, பக்கத்துத் தோட்டம் கூலியைக் குறைத்துப் போட்டியிடுகிறதே என்ற பயமும் இல்லை. செம்பனையில் இது இன்னும் முக்கியம். வெட்டிய குலை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் விழுந்துவிடும். மனக்கசப்பு முற்றி வேலை நிற்பதைவிட, முதல் வாரத்திலேயே சங்கத் தலைவர் மானேஜரின் மேசைக்கு எதிரே வந்து உட்கார்வது எவ்வளவோ மலிவு. 2020இன் கடைசி மாதங்களில் இரண்டு மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெய் அமெரிக்கத் துறைமுகங்களில் தடுக்கப்பட்டது. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி வந்த தடை அது. பிறகு, வேலைக்கு வர வெளிநாட்டுத் தொழிலாளிகள் ஏஜென்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும், தங்குமிடங்களைச் சீர்செய்யவும் பெரும் தொகை செலவானது. அந்தத் தொழிலாளிகளுக்காகப் பேச ஒரு வலுவான சங்கம் இருந்திருந்தால், அந்தக் குறைகள் கடல் கடந்து வாஷிங்டன் போகுமுன்னே தோட்ட ஆபீசில் பேசி முடிந்திருக்கும்.

ரப்பருக்கும் செம்பனைக்கும் விலை நிர்ணயிப்பது உலகச் சந்தை, அது விழும்போது சங்கம் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் சிறிய தோட்டம் தாங்காது என்ற வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. விலைக்கேற்ற ஊக்கத்தொகை ஒப்பந்தங்களில் இடம்பிடித்தது அதனால்தான்.

இனி வீட்டுக்கு வருவோம். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். அன்று ஒரே கடிதத்தில் வேலையும் வீடும் சேர்ந்து போயின. அதற்கு விடையாக வந்தது ஒரு கூட்டுறவு. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கிய அந்த முயற்சியைத் தொழிற்சங்கங்கள் தங்கள் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். வீட்டுடைமைக் கோரிக்கை எழாமல் இல்லை, எழுபதுகளிலிருந்தே பேசப்பட்டது. ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் அது கோரிக்கையாகவே தங்கிவிட்டது. 1990இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் சுவர் எப்படி, தண்ணீர் எப்படி, கழிவறை எப்படி என்று தரம் சொன்னது. வேலை போன பிறகு அந்தச் சுவருக்குள் யார் இருப்பது என்பதை அது தீர்த்துவைக்கவில்லை.

தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோது என்ன கிடைத்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிகள், 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலியை இழப்பீடாக வைத்தன. 25 ஆண்டு பால் வெட்டியவருக்கு 500 நாள் கூலி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாதச் சம்பளம் 350 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 13 வெள்ளி 46 காசு. ஆக மொத்தம் 6,730 வெள்ளி. அப்போது மலிவு விலை வீட்டுக்கு அரசு வைத்திருந்த விலை, இடத்தைப் பொறுத்து 25,000 முதல் 42,000 வெள்ளி. கால் நூற்றாண்டு உழைப்புக்கான இழப்பீடு, இருப்பதிலேயே மலிவான வீட்டின் விலையில் கால்பங்குக்குச் சற்று அதிகம். சேமநிதியைச் சேர்த்தாலும் பிள்ளைகளின் படிப்பும் கலியாணமும் அதைக் கேட்டு நிற்கும். ஆட்குறைப்பையே கூட்டு ஒப்பந்தத்தில் பேரம் பேச முடியாதபடி தொழிலுறவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்போது நிர்வாகத்தின் தனியுரிமை ஆக்கியிருந்ததால், தொழிலாளிக்குச் சங்கம் மிகவும் தேவைப்பட்ட நாளில் அதன் வாய் சட்டத்தாலேயே கட்டப்பட்டிருந்தது. வீட்டு நிதியைப் பேச அந்தப் பிரிவில் தடையில்லை. மாதம் தொழிலாளி 50 வெள்ளி, நிர்வாகம் 50 வெள்ளி என்று ஒரு நிதி இருந்திருந்தால், வட்டி இல்லாமலே 25 ஆண்டில் 30,000 வெள்ளி சேர்ந்திருக்கும்.

இலவச வீடு, இலவசத் தண்ணீர் என்று கொடுத்ததே பெரிய சலுகைதானே, அதையும் சம்பளத்தோடு கூட்டிப் பாருங்கள் என்று நிர்வாகத் தரப்பு சொல்லும். கூட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு விலை இருந்தது; அதைச் சங்கமும் சேர்ந்தே கொடுத்தது. நிர்வாகத்தை எதிர்த்துப் பேசினால் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும் என்று தெரிந்தவன் எவ்வளவு தூரம் எதிர்த்துப் பேசுவான்? வேலைநிறுத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் இரகசிய வாக்கில் சம்மதிக்க வேண்டும் என்றது அன்றைய சட்டம். அந்தச் சீட்டில் குறியிடும் கை சம்பளத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை, அடுத்த மாதம் எங்கே படுப்பது என்பதையும் எண்ணிப் பார்க்கிறது. சம்பளப் பேச்சு பல பத்தாண்டுகள் மெதுவாகவே நகர்ந்ததற்கும், நாள்கூலிக்குப் பதில் மாதச் சம்பளம் என்ற கோரிக்கை அத்தனை காலம் இழுத்ததற்கும் தலைமையை மட்டும் குறை சொல்வது சுலபம். தலைமைக்குப் பின்னால் நின்றவர்களின் காலடி நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும்.

இன்றைக்கு இந்தக் கவலை இன்னும் கூடுகிறது. நம் பிள்ளைகள் செனாவாங் தொழிற்சாலைகளுக்கும் சிரம்பான் கடைகளுக்கும் போய்விட்டார்கள். செம்பனைக் காட்டில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேபாளியும் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் குலை வெட்டுகிறார்கள். அவர்களுக்கு வேலை, படுக்கை, பெர்மிட் மூன்றும் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கின்றன. நம் பாட்டனுக்கு வேலை போனால் வீடுதான் போனது. இவர்களுக்கு வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையே போகிறது. சங்கத்தில் உறுப்பினராகச் சேர அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. பொறுப்புக்கு வருவதற்குத் தடை வைத்திருக்கிறது. பெரும்பாலான உறுப்பினர்கள் பொறுப்புக்கே வர முடியாத சங்கத்தில் நாளை யார் பேசுவார்? உள்ளூர்த் தொழிலாளிக்கும் இதில் பங்கு உண்டு. பேச முடியாதவன் பக்கத்தில் நிற்கும்போது, பேச முடிந்தவனின் கூலியும் அவனுடைய மட்டத்துக்கே இறங்கிவரும். அவர்களோடு நமக்கென்ன என்ற பேச்சைத் தமிழர்கள் நாம் சொல்லக் கூடாது. 1941இல் நமக்கு இருந்த நிலைதான் இன்று அவர்களுக்கு.

2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள்தான் ஒரு சங்கத்தில் இருக்கலாம் என்ற பழைய வேலியை எடுத்துவிட்டது. ஒரே நிறுவனத்தில் பல சங்கங்கள் முளைத்துத் தொழிலாளியைப் பிரித்துவிடும் என்று பழைய சங்கங்கள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் வீணானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்து அப்பனும் தொழிற்சாலை மகனும் ஒரே சங்கத்தில் இருக்க அது வழிவிடுகிறது. அப்படி ஒரு சங்கம் வந்தால், அடுத்த 3 ஆண்டு ஒப்பந்தத்தில் டன் கூலிக்கு முன்னால் மூன்று வரிகளை எழுதட்டும்: வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் குடும்பத்தை வீட்டிலிருந்து எழுப்பக் கூடாது; புகார் கொடுத்த வெளிநாட்டுத் தொழிலாளியின் படுக்கையை, விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாது; வீட்டு நிதிக்கு நிர்வாகமும் தொழிலாளியும் மாதந்தோறும் சமமாகப் போட வேண்டும், தோட்டம் யார் கைக்கு மாறினாலும் அந்தப் பணம் தொழிலாளியின் பெயரிலேயே இருக்க வேண்டும்.