ஒழுகும் ரேடியேட்டரும் ஓடாத கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் இதழில் கார் எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசி வரை படித்தால் காரணம் புரியும்.

ஸ்ரீரங்கத்தில் அப்பாவிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. ரேடியேட்டரில் அடிக்கடி தண்ணீர் குறைந்தது. கடைக்காரர் சொன்னபடி 'ஸ்டாப் லீக்' ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினோம். ஒழுகல் நின்றது. இரண்டு மாதம் கழித்து அம்மாவைக் கண் பரிசோதனைக்குத் தில்லை நகர் அழைத்துச் சென்றபோது, காவிரிப் பாலத்து நெரிசலில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. பானட்டில் இருந்து ஆவி. அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

எப்படி வேலை செய்கிறது?

ரேடியேட்டரில் ஊற்றும் ஸ்டாப் லீக்கில் நுண்ணிய துகள்களோ நார்களோ இருக்கும். சிலவற்றில் சோடியம் சிலிகேட் இருக்கும். தண்ணீரோடு சுற்றி வந்து, ஓட்டை உள்ள இடத்தில் படிந்து அடைத்துக் கொள்ளும். என்ஜின் ஆயிலுக்கான வகை வேறு. அது காய்ந்துபோன ரப்பர் சீல்களைச் சற்று ஊதச் செய்யும். ஒன்றை மற்றதில் ஊற்றக் கூடாது. 2009-இல் அமெரிக்க அரசு பழைய கார்களைத் திரும்பப் பெற்றபோது, என்ஜின்களை நிரந்தரமாக முடக்க ஆயிலுக்குப் பதில் ஊற்றச் சொன்னது இதே சோடியம் சிலிகேட் கரைசலைத்தான்!

பயனே இல்லையா?

உண்டு. 1958-இல் வட துருவத்துக்கு அடியில் சென்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி நாட்டிலஸில், கண்டென்சர் கசிவு எங்கே என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. மாலுமிகள் சியாட்டில் நகரக் கடைகளில் 140 கேன் ஸ்டாப் லீக் வாங்கி வந்து ஊற்றினார்கள். கசிவு நின்றது. ஊசிமுனை ஓட்டைக்கும், வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேரவும் இது உதவும். கிழிந்த ஹோஸ், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றுக்கு இது மருந்தல்ல. துரு சேர்ந்த பழைய ரேடியேட்டரில் அந்தத் துகள்களே குறுகிய குழாய்களை அடைத்துவிடலாம்.

எங்கள் காரில் நடந்தது அதுதான். மெக்கானிக் கழற்றிக் காட்டினார். கிளிப் இறுக்கும் இடத்தில் ஹோஸ் வெடித்திருந்தது. ரேடியேட்டருக்குள் பழுப்பு நிறச் சேறு. ஹோஸ் மாற்ற ஆன செலவு சொற்பம். சேற்றை அகற்ற ஆனது அதைப்போல் பல மடங்கு. முதலிலேயே ஹோஸைப் பார்த்திருந்தால் சொற்பத்தோடு முடிந்திருக்கும்.

என்ன செய்யலாம்?

• என்ஜின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.
• வண்டிக்கு அடியில் அட்டை விரித்து, எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள்.
• ஹோஸ், கிளிப், மூடி ஆகியவற்றை முதலில் சோதியுங்கள்.
• குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள்.
• அவசரத்துக்கு ஸ்டாப் லீக் ஊற்றியிருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காதீர்கள்.

இனி கம்ப்யூட்டர்

அப்பா சென்ற மாதம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு வாரத்தில் போன் செய்தார். "தம்பி, இதுல அறுநூறு பிழை இருக்காம். பணம் கட்டினா சரி பண்ணுவாங்களாம்." ரிஜிஸ்ட்ரி கிளீனர், ராம் பூஸ்டர் என்று வரும் புரோகிராம்கள் கம்ப்யூட்டர் உலகின் ஸ்டாப் லீக். 1995-இல் வந்த 'சாஃப்ட்ராம் 95' மெமரியை இரட்டிப்பாக்கும் என்று விற்கப்பட்டது. விண்டோஸ் 95-இல் அது அப்படி எதையும் செய்யவில்லை என்று தெரியவந்தது. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

கம்ப்யூட்டர் மெதுவானால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எந்த புரோகிராம் இழுக்கிறது என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் கேட்டால், வேறெதுவும் செய்யும் முன் போட்டோக்களை பேக்கப் எடுங்கள்.

பணம் கட்டலாமா என்று கேட்ட அப்பாவிடம், "எங்கே ஒழுகுதுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மூடிட்டேன் தம்பி" என்றார்.