துப்பாக்கியின் உதைப்பும் புருவக் காயமும்

மதுரை ஜில்லாவில் பேரையூர், தே. கல்லுப்பட்டி, உசிலம்பட்டிப் பிரதேசங்களிலும், அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களிலும் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்குக் காட்டுப்பன்றியால் விளையும் நஷ்டம் புதிதன்று. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் தருணத்திலும், நிலக்கடலை முற்றும் தருணத்திலும் ஒரு கூட்டம் இறங்கினால் நான்கு மாதப் பாடு ஓர் இரவில் போய்விடும். ஆயினும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கையில், குடியானவர் தாமாகவே பன்றியைச் சுடலாகாது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு வகுத்த முறைப்படி, காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுதல் இல்லை. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வன இலாகாச் சிப்பந்திகள் சுடலாம்.

இவ்வித வேலைக்கு டெலிஸ்கோப் பொருத்திய ரைபிள் மிக அனுகூலமானது. அந்தி மங்கலில் பன்றி எது, வரப்பில் குனிந்திருக்கும் ஆள் எவர் என்று பிரித்தறிய அது உதவும். ஆனால் அக்கண்ணாடிக் குழலின் பின்விளிம்பு சுடுபவரின் புருவத்தில் மோதிப் பிறைச்சந்திரன் வடிவில் தோலைக் கிழித்துவிடுவதுண்டு. புதிதாகப் பழகுவோருக்கே இது பெரிதும் நேர்வதாயினும், கைதேர்ந்தவரும் அவசரத்தில் தப்புவதில்லை.

காரணம் எளிது. 10 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் முன்னே பாயும்போது, 4 கிலோ எடையுள்ள துப்பாக்கி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். மருந்து எரிந்து வெளியேறும் புகையின் உந்துதலையும் சேர்த்தால் அது ஏறக்குறைய 3 மீட்டராகும். தோள் அதனைத் தடுத்து நிறுத்துமுன் துப்பாக்கி சிறிது தூரம் நகர்ந்தே தீரும். அந்த இடைவெளிக்குள் புருவம் இருக்கலாகாது.

ரைபிளுக்கென்று செய்த டெலிஸ்கோப்புகளில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 3 முதல் 4 அங்குலம் இடைவெளி விட்டாலே காட்சி முழு வட்டமாகத் தெரியும். வட்டத்தின் ஓரத்தில் கருநிழல் படிந்தால் கண் சரியான இடத்தில் இல்லை என்பது பொருள். உருவைப் பெரிதாக்கிக் காட்டும் அளவை மாற்றத்தக்க கருவிகளில், அளவு கூடக்கூட இவ்விடைவெளி குறைவதுண்டு. ஆகவே மிகப் பெரிதாக்கும் அளவில் வைத்து, சுடுபவர் வழக்கமாகக் குறிபார்க்கும் நிலையில் கன்னத்தைக் கட்டையில் பதித்துக் கண்ணை மூடித் திறந்து பார்க்க வேண்டும். முழு வட்டம் தெரியும்வரை கருவியைத்தான் முன்பின்னாக நகர்த்த வேண்டுமேயன்றிக் கழுத்தை நீட்டலாகாது. பின்பு வளையத் திருகுகளை இறுக முடுக்க வேண்டும். ஜீப்பில் குலுங்கி வந்த துப்பாக்கியின் திருகுகளை மறுபடியும் சோதிப்பது அவசியம்.

அடிக்கட்டை தோட்குழியில் அழுந்தியிருக்க வேண்டும். உதைக்குப் பயந்து தோளுக்கும் கட்டைக்கும் இடையே விரற்கடை இடம் விடுவோர் உண்டு. அதனால் அடி வலுக்குமேயன்றிக் குறையாது. கரட்டின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுடும்போதும், குப்புறப் படுத்துச் சுடும்போதும் தலை தன்னையறியாமல் முன்னே நகரும். கட்டை சிலருக்குக் குட்டையாக இருப்பதும் ஒரு காரணம்; ரப்பர் திண்டு வைத்து நீட்டிக்கொள்ளலாம்.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் பெற்று, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை வைத்திருப்போருக்குப் புருவக் காயப் பயமில்லை. ஆனால் வெடிச்சத்தம் பெரிதாக வேண்டுமென்று கைக்கணக்கில் மருந்தைத் திணிப்பது வேறு ஆபத்து. தோளெலும்பு முறியலாம், குழலே வெடிக்கலாம்.

அடிபட்டவர் முதலில் செய்ய வேண்டியது, குழலை ஆளில்லாத திசையில் வைத்தபடி தோட்டாவை அகற்றுவதே. பின்பு சுத்தமான துணியால் காயத்தைப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கண்மணியின் மேல் அழுத்தம் படலாகாது. காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்பும் கிராம வழக்கம் தவறு. புருவத்தில் இரத்தம் ஏராளமாக வடியும். அதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. தையலும், தேவையானால் டெட்டனஸ் ஊசியும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கலாம். பார்வை மங்கினாலும், உரு இரண்டாகத் தெரிந்தாலும், வாந்தி எடுத்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.