பழைய கணினிக்கு இணைய வழி

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் உள்ள ஆமத்தூர் போன்ற ஊர்களில், கணினி வீட்டுக்கு வந்து சேர்ந்த வழிகளுள் குறிப்பிடத்தக்கவை இரண்டு. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்றுவந்தது ஒன்று. அச்சகமோ அலுவலகமோ புதியது வாங்கியபின் கழித்துவிட்ட மேசைக்கணினியைக் குறைந்த விலைக்கு வாங்கியது மற்றொன்று. நன்கு இயங்கும் நிலையிலும் இவை மூலையில் துணி போர்த்திக் கிடப்பதுண்டு. காரணம் கேட்டால், "நெட் வரவில்லை" என்பதே விடையாக இருக்கும். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகைப் பதிவு, தேர்வு முடிவு என யாவும் இணையவழியாகிவிட்ட காலத்தில், மேல்நிலைக் கல்வி முடிக்கும் மாணவர் கைப்பேசியின் சிறு திரையில் நீண்ட படிவத்தை நிரப்பித் தடுமாறுகிறார். அல்லது கணினி மையத்தில் கட்டணம் செலுத்திக் காத்திருக்கிறார். வீட்டுக் கணினியில் உள்ள குறை பல நேரங்களில் கருவியின் குறை அன்று, அமைப்புகளின் குறையே.

முகவரி, வாயில், பெயர்

அஞ்சல் வந்து சேர வீட்டுக்கு முகவரி வேண்டும். அதுபோல வலைப்பின்னலில் சேரும் கணினிக்கும் ஐபி முகவரி என்னும் எண் வேண்டும். புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்களால் ஆனது அது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையலாம். வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். வீட்டிலிருந்து வெளியுலகுக்குச் செல்லும் வாயிலின் எண் இரண்டாவது தேவை. அந்த வாயில், ரௌட்டர் எனப்படும் திசைவியாகவோ கைப்பேசியாகவோ இருக்கும். மூன்றாவது தேவை, மனிதர் தட்டச்சிடும் தளப்பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வழங்கியின் எண்.

இம்மூன்றையும் திசைவியே கணினிக்கு வழங்கிவிடும். டிஎச்சிபி என்னும் அம்முறைக்கு இடம்கொடுத்து, 'முகவரியைத் தானாகப் பெறுக' என்னும் தெரிவைக் கணினியில் இட்டிருந்தால் போதும். அலுவலகத்தில் உழைத்த கணினியில் சிக்கல் எழுவது இங்கேதான். அங்கே அச்சுப்பொறியையும் கோப்புகளையும் பகிர்வதற்காக அதற்கு நிலையான முகவரி ஒன்றைக் கையால் எழுதிவைத்திருப்பர். புதிய வீட்டுக்குக் குடிவந்தும் பழைய கதவிலக்கத்தையே சொல்லிக்கொண்டிருப்பவர் போல, அக்கணினி வீட்டுத் திசைவியிடமும் அதே எண்ணைக் கூறும், தொடர்பு கிட்டாது. அந்த எண்ணை நீக்கித் தானியங்குத் தெரிவை இட்டதும் பல கணினிகள் உயிர்பெறும்.

எங்கே தடை என்பதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' என ஆங்கிலத்தில் இட்டால் கணினியின் முகவரி தெரியும். அது 169.254 எனத் தொடங்கினால், கேட்டும் எவரும் முகவரி தராமையால் கணினி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள்; கம்பியையோ திசைவியையோ பார்க்க வேண்டும். முகவரி சரியாக இருந்தால் 'பிங்' என்னும் கட்டளையால் முதலில் வாயிலின் எண்ணையும், பின்பு 8.8.8.8 என்னும் வெளியுலக எண்ணையும் அழைத்துப் பார்க்கலாம். எண்ணுக்கு விடை வந்து, தளப்பெயருக்கு மட்டும் விடை வாராதாயின் குறை பெயர் மாற்றத்தில் உள்ளது. டிஎன்எஸ் எண்ணைத் திருத்தினால் போதும்.

தெரியுமா?
நான்கு எண்களால் ஆன ஐபி முகவரிகள் மொத்தம் 4,294,967,296 மட்டுமே. உலக அளவிலான பொது இருப்பில் எஞ்சியவை 2011 பிப்ரவரி 3 அன்று வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன.

தொலைபேசிக் கம்பியின் எச்சம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அன்றைய இணைப்பு, தொலைபேசிக் கம்பி வழியே மோடம் என்னும் கருவி எண்ணைச் சுழற்றிப் பெற்ற இணைப்பு. இணையத்தில் இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வாராது. பின்னாளில் வந்த 56 கிலோபிட் மோடம் முழு வேகத்தில் இயங்கினாலும், 10 மெகாபைட் கோப்பைப் பெற ஏறத்தாழ 24 நிமிடம் ஆகும். தொலைபேசிக் கம்பி எட்டாத சிற்றூர்களுக்கு வேறு வழி தேடப்பட்டது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001இல் சென்னை ஐஐடியின் முயற்சியால் கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் வழியே ஊர்தோறும் இணைய மையங்கள் அமைந்தன. வேகம் 35 அல்லது 70 கிலோபிட்தான். ஆயினும் கண்நோயாளியின் படத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற அது போதுமானதாயிற்று.

அக்காலத்தின் எச்சம் இன்றும் பழைய கணினிகளில் உறங்குகிறது. இணையத் தெரிவுகளில் 'எப்போதும் தொலைபேசி இணைப்பை அழை' என்று குறியிட்டிருந்தால், கம்பியே இல்லாத தொலைபேசியை அழைக்கக் கணினி முயன்றுகொண்டிருக்கும். அதே பகுதியில் பழைய அலுவலகத்தின் பிராக்சி எண் எஞ்சியிருந்தால் உலாவி அதைத் தேடி அலையும். இரண்டையும் நீக்கிவிட வேண்டும்.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீடுகளில் வேறொரு தடை உண்டு. பழைய மடிக்கணினிகள் பலவற்றின் வைஃபை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால் அதன் பெயரே கணினியின் பட்டியலில் தோன்றாது. கைப்பேசியில் அலைவரிசையையும், தேவையானால் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 எனவும் மாற்றினால் இணைப்பு கிட்டும்.

பின்தங்கிய கடிகாரம்

எல்லா எண்களும் சரியாக இருந்தும், எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதன்று' என உலாவி மறுப்பதுண்டு. இதற்குத் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பார்ப்பதே முதல் வேலை. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது தாய்ப்பலகையில் உள்ள சிறு நாணய வடிவ மின்கலம். மேசைக்கணினிகளில் பெரும்பாலும் அது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் வகை. அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை மின்சாரம் நிற்கும்போதும் கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் காட்டும் சான்றிதழில் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2009ஆம் ஆண்டில் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. ஆதலால் அது ஏற்க மறுக்கிறது. தேதியைத் திருத்துவது உடனடித் தீர்வு. மின்கலத்தை மாற்றுவதே நிலையான தீர்வு.

தேதி சரியாக இருந்தும் மறுப்பு தொடர்ந்தால், இயங்குதளத்தின் முதுமையே காரணமாகலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும் முடிந்தன. குரோம் உலாவியில் விண்டோஸ் 7 ஏற்கும் கடைசிப் பதிப்பு 109. எனவே இணைப்பு கிடைத்துவிட்டது என்பதற்காக இத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது தகாது. 2017 மே மாதம் பரவிய வான்னகிரை என்னும் தீநிரல், திருத்தம் பெறாத விண்டோஸ் கணினிகளைத் தேடித்தான் தாக்கியது.

2 ஜிபி நினைவகமே உள்ள கணினிக்கு, இன்றும் திருத்தங்கள் பெறும் எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஏற்ற மாற்றாகும். அதை யுஎஸ்பி நினைவியில் ஏற்றி, வன்தட்டில் எதையும் அழிக்காமல் முதலில் இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு ஆகிய மூன்றும் அதில் இயங்குகின்றனவா எனக் கண்டபின், பழைய ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுத்துவைத்து, அதன்பின் நிறுவிக்கொள்ளலாம்.