டேட்டா கிளாஸில் தாயும் சேயும்

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது பழமொழி. கணிப்பொறி மொழியான பைத்தானிலும் தாயும் பிள்ளையும் உண்டு. பள்ளிப் பாடநூலில் 'இனக்குழு' என்று நாம் படித்த கிளாஸ், தன் பண்புகளை மற்றொரு கிளாஸுக்கு வழங்குவதே மரபுரிமம் ஆகும்.

விவரங்களைத் தொகுத்து வைப்பதற்கென்றே உள்ளது டேட்டா கிளாஸ். எரிக் ஸ்மித் முன்மொழிந்த இவ்வசதி, 2018-ஆம் ஆண்டு பைத்தான் 3.7 பதிப்பில் இடம்பெற்றது. புலங்களின் பெயர்களையும் வகைகளையும் எழுதி, மேலே 'டேட்டாகிளாஸ்' என்று குறியிட்டால் போதும். அவற்றை நிரப்பும் 'இனிட்' செயற்கூறு தானே உருவாகிவிடும். சேய்க்கும் இக்குறியை இடவேண்டும். இல்லையேல் அதன் புதிய புலங்கள் 'இனிட்'டில் சேரா.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'நபர்' என்ற தாய் கிளாஸில் பெயர், ஊர் என இரு புலங்கள். ஊரைக் குறிப்பிடாவிட்டால் 'சேலம்' என்று கொள்ளுமாறு ஓர் இயல்பு மதிப்பு தந்துள்ளோம். அதிலிருந்து 'மாணவர்' என்ற சேயை உருவாக்கி, பதிவெண் என்ற புலத்தைச் சேர்க்கிறோம். உடனே பிழைச் செய்தி வருகிறது! ஏன்?

தாயின் புலங்கள் முதலிலும் சேயின் புலங்கள் அடுத்தும் நிற்கும் என்பது விதி. எனவே வரிசை பெயர், ஊர், பதிவெண் என்றாகிறது. இரண்டு மதிப்புகளை மட்டும் தந்தால், இரண்டாவது ஊரா, பதிவெண்ணா? இக்குழப்பத்தைத் தவிர்க்கவே, இயல்பு மதிப்புள்ள புலத்திற்குப் பின் கட்டாயப் புலம் வரக்கூடாது என்கிறது பைத்தான்.

பதிவெண்ணுக்கும் 'பூச்சியம்' என்று இயல்பு மதிப்பு தந்தால் பிழை மறையும். ஆனால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பதிவெண்ணைத் தர மறந்தாலும் நிரல் ஓடும். பல மாணவர்கள் பூச்சியம் என்ற ஒரே எண்ணில் பதிவாவர். தேர்வு முடிவோ உதவித்தொகையோ யாருக்கு உரியது என்று பின்னர் எவ்வாறு அறிவது?

2021-இல் வந்த பைத்தான் 3.10 இதற்கு நேர்வழி காட்டியது. சேயின் குறியில் 'கேடபிள்யூ ஒன்லி' என்பதை 'ட்ரூ' என அமைத்தால், பதிவெண்ணைப் பெயர் சொல்லியே தரவேண்டும். குழப்பம் இல்லை, பதிவெண்ணும் கட்டாயமாகவே இருக்கும்.

பிழைச் செய்தியை மறைப்பது திருத்தமாகாது. அது எதைக் காக்க வந்தது என்று அறிந்து திருத்துவதே நல்ல நிரலாளருக்கு அழகு.